சலப்பை நோவும் ஒரு கணக்கு டீச்சரும்

பதிவு நீளம். அவசரத்தில் வாசிக்காமல், சேமித்து வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் பாடசாலைக் கழிப்பறைகள் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் "எனக்கே சலப்பையில் நோய் இருக்கிறது" என்று ஒரு வசனம் வந்துவிட்டது. பதிவைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை, அந்த ஒரு வசனத்துக்குத்தான் இன்பொக்ஸ் நிறைந்தது. ஒரு சகோதரி மூன்று வருஷமாக அன்டிபயோட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் தன் உம்மாவுக்காகக் கேட்கிறார். ஒரு தங்கச்சி, கலியாணம் பேசுகிறார்கள், இதைச் சொல்வதா விடுவதா என்று கேட்டிருந்தார். தனித்தனியாகப் பதில் எழுத எனக்கு நேரமில்லை. அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். ஆண்களும் வாசிக்கலாம். பெண்களுக்குத்தான் அதிகம் என்றாலும் ஆண்களுக்கும் வருகிற நோய் இது.

நான் டொக்டர் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் 9, 10, 11ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு வெள்ளவத்தையில். இதை ஒரு நோயாளி எழுதியதாக மட்டும் எடுங்கள்.

நோயின் பெயர் பெரிது. இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்பது பழைய பெயர். இப்போது பிளேடர் பெய்ன் சின்ட்ரோம் என்றும் சொல்கிறார்கள். என் க்ளினிக் கொப்பியில் ஐசி என்று இரண்டே எழுத்து. விஷயம் இதுதான்: கிருமி இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை. ஆனால் சலப்பை நிரம்ப நிரம்ப அடிவயிறு நோகிறது. போய்விட்டு வந்தால் கொஞ்ச நேரம் அடங்குகிறது. பிறகு மறுபடியும் தொடங்குகிறது. இப்படி 6 கிழமைக்கு மேல் தொடர்ந்து, வேறு காரணம் ஒன்றும் அகப்படாவிட்டால் இந்த நோய் என்று எடுக்கலாம் என்று அமெரிக்க யூரோலஜி சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது.

சலப்பை என்ற சொல் எங்கள் வீட்டுச் சொல் இல்லை. ஸ்டாப் ரூமில் என் பக்கத்து மேசை டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் மூன்றாவது தடவை எழும்பி ஓடிய ஒரு நாள், மெல்லக் கிட்ட வந்து, "டீச்சர், சலம் எரிவோ? இல்லாட்டி சலப்பையிலயோ நோகுது?" என்று கேட்டார். எவ்வளவு மரியாதையான சொல்! எங்கள் பக்கம் உம்மாமாருக்கு இதைச் சொல்ல வாய் வராது. "அங்க சரியில்ல", "கீழ நோவு", அவ்வளவுதான். 'அங்க' என்று சொன்னால் டொக்டருக்கு என்ன விளங்கும்? கருப்பையா, குடலா, சலப்பையா? 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், தமிழிலேயே வைத்தியப் புத்தகம் போட்டார். உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழில் சொல் இருக்கிறது. நாங்கள்தான் வெட்கத்தில் அதை வாயில் எடுப்பதில்லை.

எனக்கு இது 2018 ஜனவரியில், முதலாம் தவணை தொடங்கிய கிழமை வந்தது. முதலில் வெறும் எரிவு. பக்கத்து டிஸ்பென்சரியில் யூரின் இன்பெக்‌ஷன் என்று 5 நாளைக்குக் குளிசை தந்தார்கள். குறைந்த மாதிரி இருந்தது, திரும்பவும் வந்தது. அடுத்த 14 மாதத்தில் 9 தடவை அன்டிபயோட்டிக் குடித்திருக்கிறேன். அதில் 6 தடவை யூரின் கல்ச்சர் எடுத்தது. ஆறிலும் கிருமி வளரவில்லை என்றுதான் ரிப்போர்ட் வந்தது. ரிப்போர்ட் வருமுன் குளிசையும் முடிந்துவிடும். "கல்ச்சர் க்ளியர், மருந்து வேலை செய்திருக்கு" என்பார்கள். கிருமியே இல்லாத இடத்தில் மருந்து எதைக் கொன்றது என்று யாரும் யோசிக்கவில்லை.

உம்மா சொல்லுவார், "மகள், நீங்க தண்ணி குடிக்கிற இல்ல, அதான்." குடித்தால் ஓட வேண்டும், ஓடினால் வகுப்பு கெடும். மாமி பொல்பலா அவித்துத் தந்தார், மறுக்கவும் ஏலாது. பொல்பலா சிறுநீரைக் கூட்டுகிற மூலிகை. அதைக் குடித்த இரவு நான் கட்டிலில் படுத்ததே இல்லை. பார்லித் தண்ணி, குரும்பை, நீர்முள்ளி எல்லாம் வந்து போயின. சேனல் பண்ணிப் போன ஒரு ஸ்பெஷலிஸ்ட், ஸ்கேனையும் ரிப்போர்ட்டுகளையும் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "எல்லாம் நோர்மல். இது மனசு. புள்ளைகள் எத்தன?" என்று கேட்டார். ஒரு மகன் என்றேன். "இன்னொண்டு கெடச்சா எல்லாம் சரியாயிடும்" என்றார். வெளியே வந்து பத்தாயிரத்துக்குக் கிட்டக் காசு கட்டினோம். என் இவர் காலி வீதியில் நின்றுகொண்டு ஒன்றும் பேசாமல் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில்தான் வேலையை விடுவது பற்றி வீட்டில் கதை வந்தது. 155ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவது காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இடையில் எங்கே இறங்கினால் எங்கே கழிப்பறை உண்டு என்று எனக்கு மனப்பாடம். பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிட்டி, ஆனால் காலையில் திறந்திராது. அதற்கப்பால் ஒரு சாப்பாட்டுக் கடை, மருதானையில் இன்னொன்று. பள்ளிவாசல்கள் வழியெல்லாம் இருக்கின்றன, பெண்களுக்கு இடமுள்ளவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இது இன்னும் கஷ்டமானது. கொச்சிக்கடை எங்கள் பாடசாலையிலிருந்து நடக்கிற தூரம். அந்தத் துக்கத்தையும் பயத்தையும் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அந்த மாதங்களில் அபாயா போட்ட ஒரு பெண், வியர்த்து வழிய, கையில் ஒரு பேக்கோடு, தெரியாத கடைக்குள் வேகமாக நுழைந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டால் என்ன நடக்கும்? நான் கேட்டேன். வேறு வழியில்லை. ஒரு கடையில் வாசலிலேயே மறித்தார்கள். இன்னொரு கடையில் முதலாளி அம்மா, சிங்களப் பெண், என் முகத்தைப் பார்த்ததும் பேக்கைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "போங்க மிஸ், போங்க" என்றார். அவரை நான் இன்றும் துஆவில் நினைக்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் யூரோலஜி க்ளினிக்குக்குப் போனேன். விடிய 5 மணிக்கு நம்பர் எடுத்து, 11 மணிக்கு உள்ளே போனால், இருந்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். என் தடித்த பைலை அவர் திறக்கவே இல்லை. ஒரு வெள்ளைக் கடதாசியில் கோடு போட்டுத் தந்தார். மூன்று நாளைக்கு, இரவும் பகலும், எத்தனை மணிக்குப் போனீர்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மிலிலீட்டர், எவ்வளவு குடித்தீர்கள், நோவு பத்துக்கு எத்தனை. மருந்து ஒன்றும் எழுதவில்லை. அளவுக் கோப்பை ஒன்று வாங்கச் சொன்னார். கணக்கு டீச்சருக்கு இதைவிடப் பிடித்த வைத்தியம் இருக்குமா?

அந்தக் கடதாசியை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு நாளில் 23 தடவை, அதில் இரவில் 5. மொத்தம் 1,610 மிலி. 23ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு 70. ஆகக் கூடியது 120. சுகமான ஒருவரின் சலப்பை 400, 500 மிலி தாங்கும், பகலில் ஆறு ஏழு தடவை போனால் போதும். இங்கே முக்கியமானது மொத்தம்தான். சீனி வருத்தமாக இருந்தால், அல்லது நான் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறவளாக இருந்தால், மொத்தம் மூன்று நாலு லீட்டர் வந்திருக்கும். என் மொத்தம் சாதாரணம், சராசரிதான் மிகச் சிறியது. அப்படியென்றால் சிறுநீர் கூடவில்லை, சலப்பைக்குத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வகுத்தல் கணக்கு, 14 மாதக் குளிசை சொல்லாததைச் சொன்னது. இந்தக் கணக்கைப் போடும்படி ஒருவரும் என்னிடம் அதுவரை கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

பிறகு மயக்க மருந்து தந்து கெமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சலப்பையைத் தண்ணீரால் மெல்ல நிரப்பி, விரித்து, வடித்து, மறுபடி பார்ப்பது. இரண்டு காரணத்துக்காக என்று விளங்கப்படுத்தினார்கள். ஒன்று, புற்றுநோய் மாதிரி வேறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. மற்றது, ஹன்னர் புண் என்கிற சிவந்த புண் இருக்கிறதா என்று தேட. அது இருந்தால் சுட்டுவிடலாம், அல்லது அதற்குள் ஸ்டீரொய்ட் ஊசி போடலாம், பலருக்கு நல்ல சுகம் கிடைக்கும். ஆனால் இந்த நோயாளிகளில் சிறு பகுதியினருக்குத்தான் அந்தப் புண் இருக்கும். எனக்கு இல்லை. இல்லை என்று கேட்டபோது சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை. புண் இருந்தால் சுட்டு முடித்திருக்கலாமே என்றுதான் அந்த நேரம் தோன்றியது.

ஹன்னர் யார் என்று பிறகு தேடி வாசித்தேன். கய் ஹன்னர், அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் இருந்த பெண்நோய் வைத்தியர். 1915இல் எட்டுப் பெண்களைப் பற்றி எழுதினார். வருஷக்கணக்காக நோவோடு இருந்தவர்கள். அதற்கும் முன்னே 1887இல் அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற டொக்டர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்ற பெயரை எழுதிவிட்டார். ஆக நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த நோய். தெரிந்தும் என்ன? 1980களின் தொடக்கத்தில் விக்கி ராட்னர் என்ற மருத்துவ மாணவிக்கே இது வந்தது. டொக்டராகப் படிக்கிற பெண், டொக்டர் டொக்டராக ஏறி இறங்கினார், எல்லாரும் ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் லைப்ரரியில் சஞ்சிகைகளைப் புரட்டித் தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். 1984இல் நோயாளிகளுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த வருஷம் ஒரு காலை நேர டிவி நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசினார். ஆயிரக்கணக்கில் கடிதம் வந்து குவிந்தது. அபூர்வமான நோய் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்! 2011இல் வந்த ஓர் ஆய்வுக் கணக்கின்படி அமெரிக்காவில் மட்டும் 33 லட்சத்திலிருந்து 79 லட்சம் வரையான பெண்களுக்கு இந்த அறிகுறிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஹன்னர் புண் உள்ள வகையை 2015இல் அரசாங்கம் தீராத நோய்களின் பட்டியலில் சேர்த்துச் சிகிச்சைச் செலவுக்கு உதவி செய்கிறது. இந்தியாவில் அகமதாபாத் டொக்டர் நாகேந்திர மிஸ்ராவும் மற்றவர்களும் சேர்ந்து இதற்கென்றே ஒரு சங்கம் நடத்துகிறார்கள். அந்த இரவு இதையெல்லாம் போனில் வாசித்துக்கொண்டிருந்தபோது அழுதேன். நோய்க்காக இல்லை. எட்டுப் பெண்கள், அந்த மாணவி, நான், எல்லாருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான் என்பதற்காக.

காரணம் என்ன என்று கேட்பவர்களுக்கு: உறுதியாகத் தெரிந்த ஒரே காரணம் கிடையாது. சலப்பையின் உட்சுவரில் சிறுநீரின் காரம் தசையில் படாமல் காக்கிற மெல்லிய படை ஒன்று உண்டு. அது பழுதாகிச் சிறுநீர் உள்ளே கசிந்து நரம்பைக் கிளறுகிறது என்பது ஒரு விளக்கம். நரம்புகளே அளவுக்கு மிஞ்சி உணர்கின்றன என்பது இன்னொன்று. இடுப்படித் தசைகள் இறுகிப்போவது மூன்றாவது. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு மூன்றும். டீச்சர்மார் அடக்கி வைப்பதால் வருகிறதா என்று பலர் கேட்டீர்கள். அடக்கி வைப்பது நல்லதில்லை, ஆனால் அதனால்தான் எனக்கு இது வந்தது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை.

இனி வைத்தியம். ஒரு குளிசையில் சுகமாகிற நோய் இல்லை இது. அதை முதல் நாளே சொன்னதற்காக அந்த டொக்டருக்கு நன்றி.

எனக்கு ஆகக் கூடுதல் சுகம் தந்தது பிசியோதெரபி. கேட்கிறவர்கள் நம்புவதில்லை. சலப்பையைத் தாங்கி நிற்கிற தசைகள் நோவுக்குப் பயந்து வருஷக்கணக்காகக் கையை முஷ்டி பிடித்த மாதிரி இறுகிக் கிடக்கும். அதைத் தளர்த்தப் பழகுவதுதான் வேலை. வயிற்றால் மூச்சு விடுவது, இடுப்பை விரிக்கிற பயிற்சி, பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இறுகிய இடங்களை விரலால் மெல்ல அழுத்தி விடுவிப்பது. 2012இல் அமெரிக்காவில் 81 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், இந்த வகைச் சிகிச்சை பெற்றவர்களில் 59 வீதமானோருக்குச் சுகம் தெரிந்தது, சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 26 வீதம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். யூடியூப்பில் பார்த்துக் கீகல் பயிற்சி, அதாவது அடக்கிப் பிடித்துத் தசையைப் பலப்படுத்துகிற பயிற்சி, செய்யாதீர்கள். தும்மினால் கசிகிறவர்களுக்கு அது மருந்து. ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கினால் எங்களுக்கு நோவு கூடும். வழிகாட்டிகளும் அதைத் தவிர்க்கத்தான் சொல்கின்றன.

இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், பிறகு 25. மனநோய்க்குத் தருகிற குளிசை என்று பார்மசிக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அது பழைய கால மனச்சோர்வு மருந்துதான், சிறிய அளவில் நரம்பு நோவுக்குத் தருகிறார்கள். வாய் காயும், மலச்சிக்கல் வரும், தூக்கம் அமுக்கும். முதல் மாதம் சுபஹுக்கு எழும்புவது பெரிய போராட்டம். படுக்கும்போது குடிக்காமல் இஷாவோடு குடிக்கச் சொன்னார்கள், அதன் பிறகு சமாளித்தேன். இரவு ஐந்து தடவை எழும்பியவள் ஒன்று இரண்டுக்கு வந்தேன். தொடர்ந்து நாலு மணித்தியாலம் தூங்குவது எவ்வளவு பெரிய நிஃமத் என்று, தூக்கம் இல்லாதவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சிறிய குழாய் வழியாகச் சலப்பைக்குள் நேராக மருந்து விடுகிற முறையும் உண்டு. லிக்னொகெயின், ஹெப்பரின் கலந்து கிழமைக்கு ஒன்றாக எனக்கு ஆறு தடவை செய்தார்கள். வெட்கம் முதல் நாள் மட்டும்தான். வார்ட்டில் இருந்த மிஸி, "மகள், நான் 30 வருஷமா இதத்தான் பார்க்கிறன்" என்றார், அத்தோடு அந்த வெட்கம் போனது. டிஎம்எஸ்ஓ என்ற மருந்துக்கு 1978இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வாயால் குடிக்கிற பென்டோசான் என்ற மருந்துக்கு 1996இல். அதை வருஷக்கணக்காகக் குடித்த சிலருக்குக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டதாக 2018இல் கண் டொக்டர்கள் எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் மூலம் அதை எடுப்பிக்கலாமா என்று கேட்ட சகோதரி, முதலில் கண் பரிசோதனை பற்றி உங்கள் டொக்டரிடம் கதையுங்கள்.

சாப்பாடு. இதில்தான் எங்கள் சமையலறை முழுவதும் எதிரி மாதிரி நிற்கிறது. தேசிக்காய், தக்காளி, புளி, மிளகாய்த்தூள், பிளேன்டீ, நெஸ்கபே, சோடா, அச்சாறு. ஆனால் எல்லாருக்கும் எல்லாம் கூடாது என்றில்லை. ஒரு மாதம் இவற்றை நிறுத்தி, பிறகு மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்து, கொப்பியில் எழுதிப் பார்த்தேன். என் குற்றவாளிகள் மூன்று பேர்: பிளேன்டீ, தேசிக்காய், சோடா. மிளகாய்த்தூள் பாதியளவில் பிரச்சினை தரவில்லை. தக்காளி சமைத்தால் பரவாயில்லை, பச்சையாகக் கூடாது. புளிக்குப் பதில் கொறுக்காய் போட்டால் நல்லதா என்று உம்மா கேட்டார், அதுவும் புளிப்புத்தானே உம்மா. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் மற்றவர்கள் தேசிக்காய் பிழியுமுன் என் பக்கத்தை ஒதுக்கிக்கொள்வேன். முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், இப்போது ராத்தாவே, "அவட பக்கம் புளியாதீங்க" என்று சத்தம் போடுகிறார்.

தண்ணீரைக் குறைத்தால் சுகம் என்று நினைப்பவர்களுக்கு: குறைத்தால் சிறுநீர் தடித்துக் காரமாகி இன்னும் எரியும். ஒரேயடியாகக் குடிக்காமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் எனக்குச் சரிவந்தது.

சலப்பைக்குப் பயிற்சி கொடுப்பது என்று ஒன்று உண்டு. நோவு ஓரளவு அடங்கிய பிறகுதான் அதைத் தொடங்கச் சொன்னார்கள். உந்தல் வந்ததும் ஓடாமல், மூச்சை விட்டு, ஐந்து நிமிஷம் தாமதிப்பது. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டுவது. எனக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை, பாடசாலை மணியே போதும். ஒரு பாடம் 40 நிமிஷம். 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலை மூடியபோது வீட்டிலிருந்து சூமில் படிப்பித்தேன், கழிப்பறை பத்தடி தூரத்தில், அந்த மாதங்களில் 30 நிமிஷத்திலிருந்து 40க்கு வந்தேன். பாடசாலை திறந்ததும் உப அதிபர் என் நேரசூசியை மாற்றித் தந்தார். இரட்டைப் பாடவேளை இல்லை, வகுப்புகள் எல்லாம் கீழ் மாடியில். நான் கேட்டது ஒரே ஒரு கடிதத்தோடு, டொக்டரின் குறிப்பை இணைத்து. காரணம் என்ன என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதன் பிறகு வேலையை விடுகிற கதை எங்கள் வீட்டில் வரவில்லை. 2021 கடைசியில் 80 நிமிஷம், இரண்டு பாடம்.

2022 எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. பெட்ரோல் இல்லை, பஸ் இல்லை, பிசியோவுக்குப் போக வழியில்லை. பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினால் குளிசை இல்லை, இருந்தால் விலை மூன்று மடங்கு. வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து தெஹிவளை வரை இவர் சைக்கிளில் போய்ப் பத்துக் குளிசை கொண்டுவந்த நாள் உண்டு. பாதியாக உடைத்துக் குடித்தேன். எரிவாயு வரிசையில் நாலு மணித்தியாலம் நின்ற பெண்களில் எத்தனை பேர் என்னை மாதிரி இருந்திருப்பார்கள்? வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும். நான் 25 தடவைக்குத் திரும்பினேன். மறுபடி 80 நிமிஷத்துக்கு வர ஒரு வருஷம் எடுத்தது.

தொழுகை பற்றி அதிகம் பேர் கேட்டீர்கள். படித்த ஒரு ஆலிமா ராத்தாவிடம் நான் கேட்டதைச் சொல்கிறேன். உந்தலும் நோவும் மட்டும் இருந்தால் வுழூ முறியாது, ஏதும் வெளியானால்தான் முறியும். ஆனால் அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ், அதனால் போய்விட்டு வந்து ஆறுதலாகத் தொழுங்கள் என்றார். தொடர்ந்து கசிகிறவர்களுக்கு எங்கள் ஷாபிஈ மத்ஹபில் தனி இலகு இருக்கிறது. வக்து வந்த பிறகு சுத்தம் செய்து, பேட் வைத்து, வுழூ எடுத்து, தாமதிக்காமல் அந்தப் பர்ழைத் தொழ வேண்டும். இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். ஒவ்வொரு பர்ழுக்கும் புதிதாக வுழூ. உம்மாமார் எத்தனையோ பேர் இது தெரியாமல், "நான் சுத்தமில்ல" என்று தொழுகையை விட்டுவிட்டு மூலையில் இருந்து அழுகிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

நோன்பு: சிறுநீர் தடிக்கிறதால் மூன்றாம் நாளே எனக்கு ஏலாமல் போகும். நோயாளிக்கு வேறு நாட்களில் கழா செய்யச் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. கொழும்பில் வருஷம் முழுக்கப் பகல் ஏறத்தாழ ஒரே நீளம்தான், குளிர்நாட்டில் இருப்பவர்கள் மாதிரிச் சின்னப் பகலுக்குக் காத்திருக்க எங்களுக்கு வழியில்லை. நான் கிழமைக்கு ஒன்று என்று பிடிக்கிறேன், ஸஹருக்குத் தேயிலை இல்லை. அறவே ஏலாதவர்கள் பித்யா பற்றி உங்கள் உலமாவிடம் கேளுங்கள்.

கலியாணம் பேசுகிற தங்கச்சிக்கு: சொல்லுங்கள். தாம்பத்தியத்திலும் நோவு தருகிற நோய் இது, பிறகு தெரிய வந்தால் அவர் அதை வேறு விதமாக விளங்கிக்கொள்வார். எங்களுக்குள்ளும் இரண்டு வருஷம் அந்த மௌனம் இருந்தது. க்ளினிக்கில் அந்த டொக்டர் இவரையும் உள்ளே கூப்பிட்டுப் படம் கீறி விளங்கப்படுத்திய நாளில்தான் அது உடைந்தது. பிசியோவில் தசை தளர்ந்ததும் அந்த நோவும் குறையும், இதையும் டொக்டரிடம் வாய் திறந்து கேட்கலாம்.

இப்போது என் கணக்கு: பகலில் 9, இரவில் ஒன்று. நல்ல நாளில் 250 மிலி. பரீட்சை மேற்பார்வைக் காலத்திலும் மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் கூடும். சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அல்ஹம்துலில்லாஹ், வேலை செய்கிறேன், பஸ்ஸில் போகிறேன்.

சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அறவே போகாமல் அடைத்தால், இந்தப் பதிவை வாசித்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்பெக்‌ஷன் என்று திரும்பத் திரும்ப மருந்து தந்தால், முதல் குளிசைக்கு முன் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ரிப்போர்ட்டுகளைத் திகதி வாரியாக ஒரு பைலில் போடுங்கள்.

டீச்சர்மாருக்கு ஒன்று. என் வகுப்பில் யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், பரீட்சை நேரமானாலும் போகலாம். "பிள்ளைகள் ஏமாத்துவாங்க டீச்சர்" என்று ஸ்டாப் ரூமில் சொன்னார்கள். ஏமாற்றட்டும். போன தவணை 9ஆம் வகுப்புப் பிள்ளை ஒன்று, காலை வீட்டிலிருந்து வந்தது முதல் ஒன்றரை மணி மட்டும் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொன்னது. ஏன் என்று கேட்டேன். "பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல டீச்சர்." பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொன்னோம். ஒரு வாப்பா, ஹார்ட்வெயார் கடைக்காரர், மறுநாளே ஆறு தாழ்ப்பாளும் ஸ்க்ரூ பெட்டியும் கொண்டுவந்து தானே பூட்டிக்கொடுத்தார்.

மூன்று நாள் எழுதுகிற அட்டவணையைத் தமிழில் கோடு போட்டு முதல் கொமென்டில் படமாகப் போட்டிருக்கிறேன். பிரின்ட் எடுத்துப் பாவியுங்கள். மருந்தின் அளவு என்னிடம் கேட்க வேண்டாம். சகோதரிகள் வேறு ஏதும் கேட்பதென்றால் இன்பொக்ஸ் வரலாம், பாடசாலை விட்டு இரண்டு மணிக்குப் பிறகு பார்ப்பேன்.